இலங்கையின் கடன்: எடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரிகிறது, கட்டுவது யார்?

வெள்ளவத்தைவாசி | இரவு 8.40

இன்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எங்கள் அலுவலகத்தில் ஒரே சண்டை. ராஜபக்ச குடும்பம்தான் நாட்டைக் குடித்தது என்றார் ஒருவர். இல்லை, 2015இல் வந்த மைத்திரி, ரணில் கூட்டு ஆட்சி, அந்த நல்லாட்சிக்காரர்தான் வெளிநாட்டில் கண்டபடி கடன் எடுத்தார்கள் என்றார் அடுத்தவர். மூன்றாமவர் சீனா என்றார். மூவரும் தட்டில் சோறு காயக் காயக் கத்தினார்கள்.

நான் என் ஊழியர் சேமலாப நிதிக் (EPF) கூற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இருபத்திரண்டு வருடம். மாதா மாதம் என் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். எனக்கு ஓய்வூதியம் கிடையாது, இதுதான் எல்லாம். 2022ஆம் ஆண்டுக்கு அதில் வைத்த வட்டி 9 சதவீதம். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்குள் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. சாப்பாட்டுச் சாமான் மட்டும் 94.9 சதவீதம். கூற்றில் தொகை கூடித்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுபோய் சந்தையில் வாங்கக்கூடியது பாதியாகிவிட்டது.

அது போதாதென்று 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கிறோம் என்று வந்து நின்றது சேமலாப நிதியின் வாசலில்தான். ஜூலை 1, சனிக்கிழமை, நாடாளுமன்றத்தில் 122க்கு 62 என்று நிறைவேறியது. வங்கிகளுக்கு ஐந்து நாள் தொடர்ந்து விடுமுறை விட்டிருந்தார்கள், நினைவிருக்கிறதா?

கடனை எடுத்தவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. அதை என் பணத்தில் சரிக்கட்டலாம் என்று முடிவெடுத்தது யார், எந்தக் கணக்கைப் பார்த்து என்பதை மட்டும் அந்த மேசையில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?


பனிக்காலம்_ரொறன்ரோ | இரவு 8.58

அக்கா, இதில் தேட என்ன இருக்கிறது? 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றமே நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோட்டாபய, மகிந்த, பசில், மத்திய வங்கி ஆளுநராக இருந்த கப்ரால், திறைசேரிச் செயலாளர் எல்லோரும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு, மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று. இதற்கு மேல் விவாதம் எதற்கு?


வெள்ளவத்தைவாசி | இரவு 9.03

தம்பி, அந்தத் தீர்ப்பு வந்த அன்று நான் அழுதேன். ஆனால் அதில் யாருக்கும் தண்டனை இல்லை, நட்டஈடும் இல்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னார்கள். பெயர் பதிவாகிவிட்டது, அது பெரிய விடயம்தான். என் கேள்வி அதற்குப் பிறகு இருப்பது.


பேரேடு | இரவு 9.31

கணக்குத் தொழிலில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2019 நவம்பரில் கோட்டாபய வென்றார். டிசம்பர் 1இலிருந்து பெறுமதி சேர் வரி (VAT) 15இலிருந்து 8 சதவீதமானது. அதைவிடப் பெரிய அடி, வரிக்குப் பதிய வேண்டிய எல்லையை உயர்த்தியது. முன்பு வருடத்துக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா விற்பனை இருந்தால் பதிய வேண்டும். அதை 30 கோடியாக்கினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் நிறுத்தினார்கள். ஒரு கையெழுத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகள் மூடப்பட்டன. 2021இல் அரச வருமானம் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டியது. அந்த வருமானத்திலும் 70 சதவீதத்துக்கு மேல் வட்டிக்கே போய்விட்டது. நூறு ரூபா சம்பளத்தில் எழுபது ரூபா வட்டிக்குப் போகிற வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? மீதிக்குக் காசு அச்சடித்தார்கள்.

வரியைக் குறைத்த பிறகுதான் கொரோனா வந்தது. கொரோனாவால் வரி குறையவில்லை. இந்த வரிசையை மாற்றிச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.


கொட்டாஞ்சேனை_கடைக்காரன் | இரவு 9.47

பேரேடு அண்ணை சொன்னது உண்மை. ஆனால் ஒன்றைத் திறந்த மனதோடு சொல்கிறேன். அந்த வரிக்குறைப்பில் நன்மை பெற்றவன் நான். எனக்கு இரும்புச் சாமான் கடை. 30 கோடி எல்லை வந்ததும் பதிவிலிருந்து வெளியே வந்தேன். மாதம் ஒரு வாரம் கணக்கெழுதும் தலைவலி போனது. விலையைக் குறைத்தேனா என்று கேட்டால், இல்லை. எங்கள் தெருவில் குறைத்த கடை ஒன்றையும் நான் காணவில்லை. அந்த நேரம் ஆட்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். இப்போது 18 சதவீத வரியில் சாமான் வாங்க வருகிற ஆட்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

அதற்காக நல்லாட்சியை விட்டுவிட முடியாது. 2015 பெப்ரவரியில் 1 பில்லியன் ரூபாவுக்கு முறி, அதாவது அரசின் கடன் பத்திரம், விற்கிறோம் என்று ஏலம் அறிவித்துவிட்டு 10 பில்லியனுக்கு ஏற்றுக்கொண்டது எந்த மத்திய வங்கி? 2019 மார்ச்சில் 2.4 பில்லியன் டொலர், ஜூனில் இன்னொரு 2 பில்லியன் டொலர், நாலு மாதத்துக்குள் வெளிநாட்டில் முறி விற்றது யார்?


பேரேடு | இரவு 10.05

முறி ஏலம் மன்னிக்க முடியாதது, அதில் மறுபேச்சு இல்லை. சேமலாப நிதியும் அந்தக் கதைக்குள் வருகிறது. முறிகளைக் கூடிய விலைக்கு அதன் தலையில் கட்டினார்கள் என்பது விசாரணை ஆணைக்குழுவரை போன விடயம். அக்காவின் பணத்தில் கை வைப்பது 2023இல் தொடங்கிய பழக்கமில்லை.

2019இல் எடுத்த டொலரில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கப் போனது. வட்டிச் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 2017, 2018 இரண்டு வருடமும் அரசின் வரவு செலவைவிடக் கூடுதலாக இருந்தது. நம் நாட்டில் அது அபூர்வம். அதே நேரம் ஏற்றுமதியைக் கூட்டவில்லை, டொலர் வரும் வழி ஒன்றையும் திறக்கவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதுவும் கூடிய வட்டிக்கு. அதற்கு அவர்கள் பொறுப்புத்தான். இரண்டு பக்கமும் குற்றம் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே அளவு இல்லை. சமமாக்கிப் பேசினால் அது வரியை வெட்டியவர்களுக்குத்தான் வசதி.


மதுரைக்காரன் | இரவு 10.12

வணக்கம், நான் தமிழ்நாட்டிலிருந்து. எங்க ஊர் டிவியில் பார்த்ததை வைத்து இத்தனை நாள் சீனா கொடுத்த கடன்தான் இலங்கையைக் கவிழ்த்தது, துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே யாரும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லையே?


பேரேடு | இரவு 10.26

வாங்க மதுரை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை சீனாக் கம்பனிக்கு 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது 1.12 பில்லியன் டொலருக்கு. அந்தக் காசு துறைமுகக் கடனைக் கழிக்கப் போகவில்லை. வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பைக் கூட்டத்தான் பயன்பட்டது. துறைமுகத்துக்கு எடுத்த கடன் அப்படியே நம் தலையில் இருக்கிறது. துறைமுகமும் போய்க் கடனும் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

அரச நிறுவனங்கள் எடுத்ததையும் சேர்த்தால் 2021 கடைசியில் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்று அளவு. வெளிநாட்டு முறிகளின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேல். அந்த முறிகளை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் மேற்குலக முதலீட்டு நிதியங்கள். அங்கே சீன முகம் இல்லாததால் டிவியில் காட்ட ஒன்றும் இல்லை.

சீனா கொடுத்ததும் நல்லதற்கில்லை. மத்தள விமான நிலையம் 2013இல் திறந்தது, ஏறக்குறைய 190 மில்லியன் டொலர் சீனாக் கடன். விமானம் வரவில்லை. ஆனால் அதைக் கேட்டு வாங்கியது கொழும்பு. அந்தத் தொகுதி ராஜபக்சக்களின் ஊர் என்று எல்லோருக்கும் தெரியும்.


குருநகர்_அலை | இரவு 10.40

டொலர், பில்லியன் எல்லாம் நீங்கள் பேசுங்கள். எங்களுக்குக் கடன் மண்ணெண்ணெயாகத்தான் வந்தது.

எங்கள் படகு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022இல் மாதக்கணக்கில் அது கிடைக்கவில்லை. அப்பா கான்களைக் கயிற்றில் கட்டி வரிசையில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே படுப்பார். ஓகஸ்டில் ஒரு இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மானியத்தை எடுத்துவிட்டோம், இதுதான் உண்மையான விலை என்றார்கள். சரி. ஆனால் மீனுக்கு உண்மையான விலை யார் தருவது? அப்பா அந்த மாதம் அம்மாவின் சங்கிலியை ஈடு வைத்தார். இன்னும் மீட்கவில்லை.

தெரிந்த குடும்பம் ஒன்று படகேறி தனுஷ்கோடிக்குப் போனது. மண்டபம் முகாமில் இருந்து பேசினார்கள். யுத்த காலத்தில் போகாதவர்கள் அவர்கள்.


பனிக்காலம்_ரொறன்ரோ | இரவு 10.52

தம்பி, யுத்தம் என்ற சொல்லை நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். இவ்வளவு நேரம் ஒருவரும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். முப்பது வருடம் எங்களைக் கொல்ல எடுத்த கடன் இந்தக் கணக்கில் எங்கே? 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது, ஜூலையில் சர்வதேச நாணய நிதியத்திடம் 2.6 பில்லியன் டொலர் கடனுக்கு உடன்பாடு வாங்கினார்கள். அதற்குப் பிறகும் பாதுகாப்புச் செலவு குறைந்ததா? வடக்கில் இன்றைக்கும் இராணுவம் காணி பிடித்து, கடை வைத்து, தோட்டம் செய்கிறது. அந்தச் சம்பளத்தை யார் கட்டுவது? 2022இல் கோட்டாபயவைப் போகச் சொல்லிக் காலிமுகத்திடலில் கூடிய சனம் இதைக் கேட்டதா?


கொட்டாஞ்சேனை_கடைக்காரன் | இரவு 11.01

காலிமுகத்திடலில் நான் இருந்தேன். மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள், சிங்களப் பிள்ளைகள் கை நீட்டி வாங்கிக் குடித்தார்கள். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே இல்லாத ஒருவர் அங்கே ஒன்றும் கேட்கப்படவில்லை என்று சொல்வது சரியில்லை, தம்பி.


பனிக்காலம்_ரொறன்ரோ | இரவு 11.09

அதை நான் அறியவில்லை அண்ணை, என் வார்த்தையைத் திருத்திக்கொள்கிறேன். பாதுகாப்புச் செலவு பற்றிய கேள்வியை மட்டும் விடமாட்டேன்.


பேரேடு | இரவு 11.15

விட வேண்டாம். சுகாதாரத்துக்கும் கல்விக்கும் இல்லை என்று சொன்ன வருடங்களிலும் அந்த ஒதுக்கீடு வரவு செலவுத் திட்டத்தின் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்றாகவே இருந்தது. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். அந்த மாதமும் இராணுவத்தின் சம்பளம் போனது.


மட்டு_வாவி | காலை 5.50

இரவு முழுக்க நல்ல விவாதம் நடந்திருக்கிறது. வயலுக்குப் போகும் முன் என் பங்குக்கு ஒன்று.

2021 மே மாதம் இரசாயன உரம் கொண்டுவரத் தடை போட்டார்கள். இயற்கை விவசாயம் என்று காரணம் சொன்னாலும் உரத்துக்குக் கொடுக்க டொலர் இல்லை என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பெரும்போகத்தில் என் வயல் மஞ்சளாகி நின்றது. பக்கத்து வயல்காரர் பாதியை அறுக்கவே இல்லை, அறுவடைக் கூலிக்குக் கட்டாது என்று. அரிசியில் தன்னிறைவு என்று பெருமை பேசிய நாடு கடனுக்கு அரிசி இறக்கியது. டொலரை மிச்சம் பிடிக்கப் போட்ட தடை டொலரைத்தான் தின்றது. கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிய சீனாப் பசளைக் கப்பலுக்கும் ஏறக்குறைய 70 இலட்சம் டொலர் கட்டினார்கள்.

இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் ஒரு விவசாயியாவது இருந்தாரா? அக்கா கேட்பதும் இதே கேள்விதான் என்று நினைக்கிறேன்.


மதுரைக்காரன் | காலை 7.20

2022 மே மாதம் சென்னையிலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்து ஏற்றிய கப்பல் கிளம்பியபோது சந்தோஷமாக இருந்தது. அதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

இன்னொன்று கேட்கணும். எங்க மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று அமைச்சர் சொன்னார். அன்றிலிருந்து முந்தைய ஆட்சி, இந்த ஆட்சி என்று அதே சண்டைதான் எங்களுக்கும். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் கடன் கூடிக்கொண்டேதான் போகிறது. உங்கள் நாட்டிலும் இப்படித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்வார்களா?


மலைச்சாரல் | காலை 8.05

சொல்வார்கள். தொலைக்காட்சியில் அதைக் கேட்கிறபோது எனக்குக் கோபம் வரும்.

நான் அட்டன் பக்கம். அம்மா கொழுந்து பறித்தவர். 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வர எத்தனை வருடம் தெருவில் நின்றோம். வந்து ஒரு வருடம் ஆனதும் ரூபா விழுந்தது, 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவானது. கோதுமை மாதான் எங்கள் லயங்களில் சாப்பாடு, அதன் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். வென்ற ஆயிரம் ரூபாவை யாரும் வந்து பறிக்கவில்லை, அது தானாகவே கரைந்தது. 2024இல்தான் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது.

தலைக்கு இவ்வளவு கடன் என்று வகுத்தால் என் அம்மாவின் தலையும் கொழும்பு ஏழில் இருக்கிற முதலாளியின் தலையும் ஒன்றாகிவிடும். கடனை வகுக்கிறபோது மட்டும் நாங்கள் சமம். இந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் கொழுந்தைப் பறித்தவர்கள் நாங்கள். 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள், மிச்சமிருந்தவர்களுக்கு அது முழுதாகக் கிடைத்தது 2003இல். அதுவரை எத்தனை அரசாங்கம் எத்தனை கடன் எடுத்தது? அந்தக் கடனுக்கு வாக்குப் போடும் உரிமைகூட எங்கள் ஆட்கள் பலருக்கு இருக்கவில்லை.


வெள்ளவத்தைவாசி | காலை 8.30

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. கடனை வகுக்கிறபோது மட்டும் சமம். நான் நேற்றிலிருந்து சொல்லத் தெரியாமல் நின்ற விடயம் இதுதான்.

பேரேடு அண்ணை, ஒன்றை மட்டும் விளக்குவீர்களா? ஏன் சேமலாப நிதி? வங்கிகளும் அதே திறைசேரி முறிகளை வைத்திருந்தனதானே? பெரிய பணக்காரர்களும் வைத்திருந்தார்கள்.


பேரேடு | காலை 9.10

அவர்கள் சொன்ன காரணத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வங்கியின் முறிகளில் கை வைத்தால் வைப்பிலிட்டவர்கள் பயந்து காசை எடுக்க ஓடுவார்கள், வங்கி சரிந்தால் எல்லோருக்கும் ஆபத்து. அதோடு வங்கிகள் ஏற்கனவே இலாபத்தில் பாதிக்கு மேல் வரியாகக் கட்டுகின்றன என்றார்கள். முதல் காரணத்தில் உண்மை இருக்கிறது. வெளிநாட்டுக் கடன்களும் வாராக்கடனும் சேர்ந்து வங்கிகள் நொந்துபோயிருந்தன.

சேமலாப நிதியிலிருந்து காசு எடுக்க யாரும் ஓட முடியாது. ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுவரை பூட்டியிருக்கிறது. பூட்டுக்குள் இருப்பதுதான் எடுக்க வசதி என்பதை அவர்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

செய்த முறை இது. பழைய முறிகளைக் கொடுத்து நீண்டகாலப் புது முறிகளை வாங்கு, 2025வரை 12 சதவீதம், பிறகு 9 சதவீதம் வட்டி. சம்மதிக்காவிட்டால் நிதியின் வருமானத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீத வரி. பேச்சுக்கு விருப்பத் தெரிவு, நிதிக்கு வேறு வழி இல்லை. உறுப்பினர்களின் மீதியில் ஒரு சதமும் குறையாது, வருடம் 9 சதவீதமாவது கிடைக்கும் என்றார்கள். குறையவில்லை, அதன் பிறகு அதைவிடக் கூடுதலாகவும் வட்டி வந்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் திறைசேரி உண்டியலுக்கு, அதாவது அரசின் குறுகியகாலக் கடன் பத்திரத்துக்கு, 25, 30 சதவீதம் வட்டி போனது. கையில் காசு இருந்தவர்கள் அதை வாங்கினார்கள். அவர்களை யாரும் தொடவில்லை.

வெளிநாட்டு முறிக்காரர்களோடு பேசி முடிக்க 2024 டிசம்பர் ஆனது. அவர்களிடம் சட்டத்தரணிகள் இருந்தார்கள், ஆலோசகர்கள் இருந்தார்கள். நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கூடக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். சேமலாப நிதி உறுப்பினர்களுக்காக அந்த மேசையில் யார் உட்கார்ந்தார்கள்? அப்போது நிதியை நிர்வகித்தது மத்திய வங்கியின் நாணயச் சபை, கடனை மறுசீரமைக்க அரசுக்கு ஆலோசனை சொன்னதும் அதே மத்திய வங்கி.


மட்டு_வாவி | மதியம் 12.40

நாடு வளர்ந்தால் அவர்களுக்குக் கூடக் கிடைக்கும் என்றால், அதே வாசகத்தை சேமலாப நிதிக்கும் எழுதியிருக்கலாமே?


பேரேடு | மதியம் 12.55

எழுதியிருக்கலாம். கேட்க ஆள் இருக்கவில்லை.


குருநகர்_அலை | மதியம் 1.10

2024இல் ஆட்சி மாறியதே, புது ஆட்சி இதைத் திருத்தாதா? நாணய நிதியத்தோடு திரும்பப் பேசுவோம் என்றுதானே வாக்குக் கேட்டார்கள்?


கொட்டாஞ்சேனை_கடைக்காரன் | மதியம் 1.22

நானும் அந்த நம்பிக்கையில் வாக்குப் போட்டவன். சம்பள வரிக்கான எல்லையை மாதம் ஒரு இலட்சத்திலிருந்து ஒன்றரை இலட்சமாக்கினார்கள், அது நல்லது. ஆனால் முறி மாற்றத்தை முன்பு ஜனாதிபதியாக இருந்த ரணில் விட்ட இடத்திலிருந்தே முடித்தார்கள். பயம் புரிகிறது, திரும்ப வரிசை வந்தால் ஒரு அரசும் நிற்காது. 2028இலிருந்து வெளிநாட்டுக் கடனைக் கட்டுவது பெரிதாகத் தொடங்கும். அதற்கு முன்னராவது யாரிடமிருந்து எடுப்பது என்பதைப் பொதுவில் பேச வேண்டும்.


வெள்ளவத்தைவாசி | மாலை 6.45

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியமும் அதே மேசையில் அதே சண்டை தொடங்கியது. இந்த இழையைத் திறந்து மலைச்சாரல் தங்கச்சி எழுதியதை உரத்து வாசித்தேன். பிறகு நாலு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. மத்திய வங்கிக்கு ஒரு விண்ணப்பம் போடப் போகிறோம். இரண்டே கேள்விகள்:

2023 கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதி பங்கெடுப்பது என்று முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பு, அதற்கு முன்வைத்த கணக்கீடு இரண்டினதும் பிரதி.

மாற்றிக் கொடுத்த முறிகள் எவை, அவற்றை முதிர்வுவரை வைத்திருந்தால் நிதிக்கு வந்திருக்கக்கூடிய வருமானம் எவ்வளவு என்று அவர்கள் போட்ட மதிப்பீடு.

வசனம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.


பேரேடு | மாலை 7.20

நல்ல கேள்விகள். மூன்று திருத்தம். இரண்டாவதில் வெறும் ‘முறிகள்’ என்று விடாதீர்கள், ‘திறைசேரி முறிகள்’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டு முறி பற்றி ஒரு பதிலை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். ‘மதிப்பீடு’ என்று கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லலாம். ‘மதிப்பீடு செய்யப்பட்டதா, ஆம் எனில் பிரதி’ என்று கேளுங்கள். இல்லை என்று எழுத்தில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். தகவல் அலுவலரின் பெயருக்கு அனுப்புங்கள், தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.


மலைச்சாரல் | மாலை 7.41

அக்கா, தோட்டத் தொழிலாளருக்கும் சேமலாப நிதி இருக்கிறது. என் அம்மாவின் கணக்கு இலக்கத்தையும் பெயரையும் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். விண்ணப்பத்தில் அவரும் கையெழுத்து வைப்பார்.